ஓடையில் கை வைப்பதற்கு முன்

புக்கிட் பெருந்துங் வட்டாரத் தோட்டத் தொழிலாளர், கிராணிமார் கூட்டத்தில் ஆற்றிய உரை



இன்று நாம் சம்பளத்தைப் பற்றிப் பேச வரவில்லை. போனஸைப் பற்றியும் பேச வரவில்லை. லயத்துக்குப் பின்னால் ஓடுகிற ஓடையைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். ஓடைக்காக ஒரு தொழிற்சங்கக் கூட்டமா என்று பின்வரிசையில் சிலர் சிரிப்பது நமக்குத் தெரிகிறது. கீழ் லயத்துக்காரர்கள் சிரிக்கவில்லை என்பதையும் கவனிக்கிறோம். போன மழைக்காலத்தில் மூன்று முறை அவர்கள் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தது. அரிசி நனைந்தது, பிள்ளைகளின் பள்ளிப் புத்தகம் நனைந்தது, ஒரு வீட்டில் குளிர்சாதனப் பெட்டி மிதந்ததாகச் சொன்னார்கள். அவர்களுக்கு இது சிரிப்பு அல்ல.

இந்தத் தொல்லைக்கு ஒரு முடிவு கட்ட வேண்டும் என்று லயத்தார் கூடிப் பேசி, வீட்டுக்கு 50 வெள்ளி வசூலிக்கத் தொடங்கியிருக்கிறீர்கள். மண்வாரி இயந்திரம் வைத்திருக்கும் ஒரு குத்தகைக்காரரிடம் பேசியாகிவிட்டது. ஒரே நாள் வேலை. ஓடை வளைந்து போகிற இடத்தில் வளைவை வெட்டி நேராக்குவது. தோண்டிய மண்ணை நம் பக்கத்துக் கரையில் குவித்து அணை போடுவது. மிச்சப் பணத்தில் மாரியம்மன் கோவிலுக்குப் பின்னால் ஐந்து படி கட்டுவது. வருகிற ஞாயிற்றுக்கிழமை நாள் குறித்திருக்கிறீர்கள்.

அந்த நாளைத் தள்ளிவையுங்கள் என்று கேட்கவே இந்த மேடையில் நிற்கிறோம். உத்தரவு கையில் வரும்வரை இயந்திரம் ஓடையில் இறங்கக் கூடாது என்பது கிளைச் செயலவையின் முடிவு.

இந்த முடிவு வெளியான அன்றே பெரட்டுக் களத்தில் ஒரு பேச்சு எழுந்தது. 'சங்கம் துரைக்கு வால் பிடிக்கிறது; நம் காசில் நம் வீட்டைக் காப்பாற்றிக்கொள்ள யாரிடம் உத்தரவு கேட்க வேண்டும்?' என்றார்கள். கேட்டவர்கள் மேல் நமக்குக் கோபம் இல்லை. வீட்டுக்குள் தண்ணீர் வந்தவனுக்குச் சட்டம் பேசினால் எரிச்சல் வரத்தான் செய்யும். ஆனால் கேள்விக்குப் பதில் உண்டு. பொறுமையாகக் கேளுங்கள்.

முதலில், அந்த ஓடை யாருடையது? தோட்டத்துக்குள் ஓடுகிறது, ஆகவே தோட்டத்தாருடையது என்று பலர் நினைக்கிறீர்கள். லயத்தை ஒட்டி ஓடுகிறது, தாத்தா காலத்திலிருந்து நாம் குளித்த ஓடை, ஆகவே நம்முடையது என்று சிலர் நினைக்கிறீர்கள். இரண்டும் இல்லை. 1920-ஆம் ஆண்டிலேயே, வெள்ளைக்காரன் காலத்தில், இந்நாட்டு மலாய் மாநிலங்களுக்கு ஒரு தண்ணீர்ச் சட்டம் செய்தார்கள். ஆறுகள் யாவும் அந்தந்த மாநிலத்தின் ஆட்சியாளருக்கே உரியவை என்று அது சொன்னது. ஆறு என்றால் பெரிய ஆறு மட்டும் அல்ல. கிளையாறும், ஓடையும், இயற்கையாகத் தண்ணீர் ஓடும் எந்த வழியும் ஆறுதான் என்று விளக்கமும் எழுதி வைத்தது. லைசென்ஸ் இல்லாமல் ஆற்றை மறிக்கவோ அதன் போக்கில் தலையிடவோ கூடாது. மரத்தை வெட்டி ஆற்றுக்குள் விழச் செய்வதுகூடக் கூடாது. கரையிலிருந்து 50 அடிக்குள் கட்டடம் எழுப்ப உத்தரவு வேண்டும் என்றெல்லாம் அதில் கண்டிருந்தது. கரையைக் கெடுத்தவனைக் கொண்டே கரையைப் பழைய நிலைக்குக் கொண்டுவரச் செய்யும் அதிகாரமும் அதில் இருந்தது.

அதற்குப் பிறகு எத்தனையோ மாறிவிட்டது. வெள்ளைக்காரன் போனான். 1957-இல் நாடு விடுதலை பெற்றது. அரசியலமைப்பில் ஆறும் நிலமும் மாநில அரசின் கைக்கு வந்தன. 1999-இல் சிலாங்கூர் சட்டமன்றம் தனியாக ஒரு சட்டம் இயற்றி, மாநிலத்தின் ஆறுகளையும் நீர்நிலைகளையும் கவனிக்க ஒரு வாரியத்தை ஏற்படுத்தியது. லுவாஸ் என்று எல்லோரும் சொல்வது அந்த வாரியத்தைத்தான். அதிகாரி மாறினார், அலுவலகத்தின் பெயர் மாறியது. ஆறு தனி ஆளுக்குச் சொந்தம் இல்லை என்கிற அடிப்படை மட்டும் மாறவில்லை.

'எங்கள் ஊரில் ஏரியை ஊராரே வெட்டினார்கள், யாரிடம் கேட்டார்கள்?' என்று ஒரு பெரியவர் நம்மிடம் கேட்டார். நல்ல கேள்வி. குடிமராமத்து என்று அதற்குப் பெயர். ஏரி தூர்ந்தால் வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியோடு போவான். ஆனால் எவனும் தன் இஷ்டத்துக்குப் போகவில்லை, ஐயா. ஊர் கூடி முடிவு செய்த பிறகு போனான். மடையைத் திறப்பதற்கென்று தனி ஆள் இருந்தான். அவனைக் கேளாமல் ஒரு கை மண் எடுக்க முடியாது. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் சோழர் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டில் ஏரி வாரியம் என்றே ஒரு குழு காணப்படுகிறது. தண்ணீரைத் தொடுவதற்கு முன் கேட்பது வெள்ளைக்காரன் கொண்டுவந்த வழக்கம் அல்ல. நம்மவர் வழக்கமே அதுதான்.

காவிரித் தகராறு உங்களுக்குத் தெரியும். அதன் வேர் எங்கே இருக்கிறது? 1892-இல் சென்னை மாகாணமும் மைசூரும் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. குறிப்பிட்ட ஆறுகளில் மைசூர் புதிய அணை கட்டுவதானால் முன்கூட்டியே சென்னையின் சம்மதத்தைப் பெற வேண்டும் என்பது அதன் சாரம். 1924-இல் இன்னோர் உடன்படிக்கை வந்தது. 1990-இல் நடுவர் மன்றம் அமைந்தது. 2007-இல் இறுதித் தீர்ப்பு வந்தது. 2018-இல் உச்ச நீதிமன்றமும் தீர்ப்புச் சொன்னது. நூறு ஆண்டுக்கு மேற்பட்ட வழக்கு! மேலே இருப்பவன் கீழே இருப்பவனைக் கேட்டானா இல்லையா என்பதுதான் அதில் பெரும் பகுதி. தஞ்சாவூர் பக்கத்திலிருந்து வந்த குடும்பங்கள் இங்கே பல உண்டு. காவிரிப் பேச்சு வந்தால் அவர்களுக்கு ரத்தம் கொதிக்கும். தோழர்களே, இந்த ஓடையில் நாம் மைசூர். நமக்குக் கீழே இருக்கிற கம்பத்துக்காரர்கள்தான் தஞ்சாவூர். அதை மறந்துவிட வேண்டாம்.

இனி வேலையின் விஷயத்துக்கு வருவோம். சட்டத்தைக் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். நீங்கள் நினைத்தபடி ஞாயிற்றுக்கிழமை இயந்திரம் இறங்கினால் தண்ணீர் லயத்துக்குள் வராமல் நின்றுவிடுமா?

செயலவைத் தோழர்கள் இருவரும் நாமும் போன வாரம் ஓடையோடு நடந்து பார்த்தோம். லயத்துக்குக் கீழே, தோட்டத்து மண்சாலை ஓடையைக் கடக்கும் இடத்தில், சாலைக்கு அடியில் இரண்டு சிமெண்டுக் குழாய்கள் பதித்திருக்கிறார்கள். ஒரு குழாய் செம்பனை மட்டையும் சேறுமாக முக்கால் பாகம் அடைத்துக் கிடக்கிறது. குச்சியை விட்டுப் பார்த்தோம். இரண்டு அடிக்கு மேல் போகவில்லை. மற்றக் குழாய் ஒன்றுதான் ஓடைத் தண்ணீர் முழுவதையும் தாங்குகிறது. மழை பெய்தால் தண்ணீர் அங்கே முட்டி நின்று, திரும்பி லயத்துப் பக்கம் ஏறுகிறது. வெள்ளத்தின் மூலம் வளைவில் இல்லை, குழாயில் இருக்கிறது.

இந்த நிலையில் மேலே வளைவை வெட்டி நேராக்கினால் என்ன ஆகும்? வளைந்து வளைந்து வரும் தண்ணீர் மெதுவாக வரும். நேர்வழியில் விட்டால் வேகமாக வரும். அரை மணி நேரத்தில் வந்து சேர வேண்டிய தண்ணீர் பத்து நிமிடத்தில் வந்து அதே அடைத்த குழாயில் முட்டும். கீழ் லயத்தில் முழங்கால் அளவு வந்தது இடுப்பளவு வரும். 50 வெள்ளி கொடுத்து வெள்ளத்தை விலைக்கு வாங்குவதுபோல் ஆகும்.

பால் வெட்டுகிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மரத்தில் வெட்டுக்கோடு போடும்போது சாய்வு பார்த்துத்தானே போடுகிறோம்? சாய்வு குறைந்தால் பால் கோட்டை விட்டு வழிந்து பட்டையில் பரவும். சாய்வு மிஞ்சினால் பட்டை வீணாகும். மண்டோர் தகட்டை வைத்து அளந்து கோடு போட்டுக் கொடுத்த பிறகே கத்தியை வைக்கிறோம். ஆழமாக வெட்டி மரத்தைக் காயப்படுத்தினால் என்ன திட்டு விழும் என்பதும் தெரியும். ஒரு மரத்துக்கே இத்தனை கணக்கு. ஓடைக்குக் கணக்கு வேண்டாமா? தண்ணீர் பல காலமாக ஓடி ஓடித் தனக்கென்று ஒரு சாய்வை ஏற்படுத்திக்கொண்டிருக்கிறது. அதை ஒரே நாளில் மாற்றினால் கரையை அரிக்கும்; அரித்த மண்ணைக் கீழே கொண்டுபோய்க் கொட்டும்.

கரையில் அணை போடும் யோசனையும் பார்வைக்குத்தான் நல்லது. நம் பக்கம் உயர்ந்தால் தண்ணீர் எதிர்ப்பக்கம் ஏறும். எதிர்ப்பக்கத்தில் மலாய்க்காரர்களின் வாழைத் தோட்டமும் நான்கு வீடுகளும் இருக்கின்றன. அது மட்டுமா? லயத்து அல்லூர்த் தண்ணீர் எல்லாம் இப்போது ஓடையில்தான் போய் விழுகிறது. நடுவில் அணை நின்றால் அந்தத் தண்ணீர் எங்கே போகும்? அணைக்கு உட்புறமே தேங்கும். வெளியிலிருந்து வருகிற வெள்ளத்தைத் தடுத்துவிட்டு உள்ளேயே ஒரு குளம் வெட்டிக்கொண்டவர்கள் ஆவோம்.

இதெல்லாம் நமக்கு எப்படித் தெரியும், நீ என்ன என்ஜினீயரா என்று கேட்கலாம். இல்லை. நாம் கணக்கு எழுதுகிற கிராணி. ஆகவேதான் என்ஜினீயர் வந்து பார்க்கட்டும் என்கிறோம். வடிகால், நீர்ப்பாசன இலாகா 1932 முதல் இந்நாட்டில் இருக்கிறது. ஜே.பி.எஸ். என்று சொன்னால் எல்லோருக்கும் தெரியும். நம் மாநிலத்தின் வடக்கே, பெர்ணம் ஆற்றுத் தண்ணீரைக் கால்வாய் வெட்டித் தெங்கி ஆற்றுக்குத் திருப்பி, தஞ்சோங் காராங், சிகிஞ்சான் பக்கம் ஏறக்குறைய 20,000 ஹெக்டர் நெல் விளையச் செய்திருக்கிறார்கள். அங்கே ஒரு விவசாயி தன் வயலுக்காக வாய்க்காலை இஷ்டத்துக்கு அடைத்தால் அடுத்தவன் வயல் காய்ந்துபோகும். அதனால்தான் 1953-இல் நீர்ப்பாசனப் பகுதிகளுக்கென்று தனிச் சட்டமே செய்ய வேண்டியிருந்தது.

உத்தரவு கேளாமல், அளந்து பாராமல், தண்ணீரோடு விளையாடினால் என்ன ஆகும் என்பதற்கு வெகு தூரம் போக வேண்டாம். நம் உலு சிலாங்கூர் மாவட்டத்திலேயே இருக்கிறது பழைய கோல குபு. ஈயச் சுரங்கக் காலத்தில் அங்கே ஆற்றை மறித்துப் பெரிய மண் அணை ஒன்று இருந்தது. 1883-ஆம் ஆண்டு அக்டோபர் 29-ஆம் தேதி மழைக்குத் தாங்காமல் அது உடைந்தது. மாவட்ட அதிகாரியாக இருந்த சிசில் ரேங்கிங் என்ற வெள்ளைக்காரரும் ஊராரில் பலரும் மாண்டார்கள். அவர் வெள்ளை முதலையைச் சுட்டதால் ஆற்றுக்குக் கோபம் வந்தது என்று ஒரு கதையும் உண்டு; கதை இருக்கட்டும். அதோடு தீரவில்லை. மேலே ஈயம் தோண்டியவர்கள் கழுவிவிட்ட மண் ஆண்டுதோறும் இறங்கி இறங்கி ஆற்றின் படுகையை உயர்த்திற்று. படுகை உயர்ந்தால் தண்ணீர் ஊருக்குள்தானே வரும்? வெள்ளத்துக்கு மேல் வெள்ளம். 1926-இல் வந்த பெருவெள்ளத்துக்குப் பிறகு ஊரையே மேட்டுக்கு மாற்ற வேண்டியதாயிற்று. அப்படி எழுந்ததுதான் கோல குபு பாரு. மண்ணைத் தோண்டியவன் ஒருவன். வீடு இழந்தவன் வேறொருவன்.

நம் முன்னோரோடு நேரடியாகச் சம்பந்தப்பட்ட ஒன்றையும் சொல்ல வேண்டும். இந்தத் தோட்டங்கள் திறந்த காலத்தில் மலேரியாக் காய்ச்சலில் தமிழர்கள் கூட்டம் கூட்டமாகச் செத்தார்கள். 1901-இல் கிள்ளானுக்கு வந்த மால்கம் வாட்சன் என்ற டாக்டர், கடலோரச் சமநிலத்தில் காட்டை வெட்டிச் சதுப்பை வடித்தால் காய்ச்சல் குறைவதைக் கண்டார். கிள்ளானிலும் அதை ஒட்டிய கடலோரத் தோட்டங்களிலும் அல்லூர் வெட்டி வெட்டி உயிர்களைக் காப்பாற்றினார்கள். நல்லதுதானே? அதே வேலையை மேட்டு நிலத் தோட்டங்களில் செய்தபோது என்ன நடந்தது தெரியுமா? ஓடையோரக் காட்டை வெட்டிச் சுத்தம் செய்த பிறகும் காய்ச்சல் போகவில்லை. சில இடங்களில் கூடியது. காரணம், சமநிலத்துக் கொசு நிழலான தேங்கு நீரில் பெருகும் இனம். மேட்டு நிலத்துக் கொசு வெயில் படுகிற, தெளிந்து ஓடுகிற ஓடையில் பெருகும் இனம். மரத்தை வெட்டியதும் ஓடையில் வெயில் விழுந்தது. கொசுவுக்குத் தொட்டில் கட்டியதாயிற்று. பிறகு ஓடையைக் குழாய் பதித்து மண்ணுக்கு அடியில் விட்டார்கள், எண்ணெய் தெளித்தார்கள். முதுகில் தகரத்தைக் கட்டிக்கொண்டு எண்ணெய் தெளித்த தாத்தாமார் உங்கள் குடும்பங்களிலும் இருந்திருப்பார்கள். கடலோரத்தில் உயிர் காத்த மண்வெட்டி மேட்டில் உயிரை எடுத்தது. நம் புக்கிட் பெருந்துங் மேட்டு நிலம் என்பதை நினைவில் வையுங்கள்.

நம் ஓடை எங்கே போகிறது என்று எத்தனை பேர் யோசித்திருக்கிறீர்கள்? இந்த வட்டாரத்து ஓடைகள் ஒன்றோடொன்று சேர்ந்து கடைசியில் சிலாங்கூர் ஆற்றில் விழுகின்றன. கோலாலம்பூர், கிள்ளான் பள்ளத்தாக்கு மக்கள் குடிக்கும் குழாய்த் தண்ணீரில் பாதிக்கும் மேல் அந்த ஆற்றுத் தண்ணீர். அது கம்போங் குவாந்தானில் மின்மினிப்பூச்சி மின்னும் பெரெம்பாங் மரங்களைத் தொட்டுக்கொண்டு கோல சிலாங்கூரில் கடலில் சேர்கிறது. 2020 செப்டம்பர் 3-ஆம் தேதியை மறந்திருக்க மாட்டீர்கள். ரவாங் பக்கம் சுங்கை கோங் என்ற சிறிய ஆற்றில் கெட்ட வாடையுள்ள கழிவு கலந்தது. நான்கு நீர் சுத்திகரிப்பு நிலையங்களை மூட வேண்டியதாயிற்று. ஏறக்குறைய 12 லட்சம் கணக்குகளுக்குத் தண்ணீர் நின்றது. சின்ன ஆறு, பெயர்கூடப் பலருக்கு அன்றுதான் தெரிந்தது! அதன் பிறகு மாநிலச் சட்டமன்றம் சட்டத்தைத் திருத்தி, ஆற்றை அசுத்தப்படுத்துவோருக்கு 10 லட்சம் ரிங்கிட் வரை அபராதம் என்று உயர்த்தியது. நாம் கழிவு கொட்டப் போவதில்லை, சரி. ஆனால் இயந்திரம் இறங்கினால் சேறு கலங்கும், டீசல் சொட்டும். சின்ன ஓடைதானே என்ற பேச்சு இனிமேல் எடுபடாது.

இப்போது நிர்வாகத்தின் பக்கம் வருவோம். இதுதான் நாம் முக்கியமாகச் சொல்ல வந்தது.

லயத்தார் போய்க் கேட்டபோது, 'தாராளமாகச் செய்துகொள்ளுங்கள், எங்களுக்கு ஆட்சேபணை இல்லை' என்று வாய்வார்த்தையாகச் சொன்னார்களாம். இவ்வளவு தாராளம் எங்கிருந்து வந்தது? லயத்துக் கூரைக்கு ஒரு தகரம் கேட்டால் ஆறு மாதம் யோசிக்கிறவர்கள், ஓடையையே திருப்பிக்கொள் என்று ஒரே நிமிடத்தில் சொல்கிறார்கள் என்றால், அதில் விஷயம் இல்லாமல் இருக்குமா? தங்களுக்குச் சொந்தம் இல்லாத ஒன்றில் கை வைக்க அவர்கள் எப்படி உத்தரவு கொடுக்க முடியும்? அப்படியே கொடுப்பதானால் அதை எழுத்தில் கொடுக்கட்டும். கேட்டுப் பாருங்கள், கொடுக்க மாட்டார்கள்.

நாளைக்குக் கம்பத்தில் வெள்ளம் புகுந்து புகார் எழுந்தால், குத்தகைக்காரரின் ரசீதில் யார் பெயர் இருக்கும்? வசூல் நோட்டில் யார் கையெழுத்து இருக்கும்? தொழிலாளியுடையது. நிர்வாகம் கையைக் கழுவிக்கொள்ளும். 'எங்கள் நிலத்தில் இவர்கள் எங்களைக் கேளாமல் செய்தார்கள்' என்றும் சொல்லலாம். வேலையோடு வீடும் ஒட்டிக்கொண்டிருக்கிற வாழ்க்கை நம்முடையது. வேலையிலிருந்து நீக்க ஒரு காரணம் தேடுகிறவனுக்கு அந்தக் காரணத்தை நாமே காசு கொடுத்து வாங்கித் தரலாமா? உத்தரவுச் சீட்டு துரையைக் காப்பாற்றுகிற சீட்டு என்று நினைக்கிறீர்கள். அது உங்களைக் காப்பாற்றுகிற சீட்டு!

இன்னொன்று. 1974-ஆம் ஆண்டுச் சாலை, வடிகால், கட்டடச் சட்டம் ஒன்று இருக்கிறது. உள்ளாட்சி மன்றத்திடம் திட்டத்தைக் கொடுத்து ஒப்புதல் பெறாமல் மண்வேலை செய்யக் கூடாது என்பது அதில் ஒரு பிரிவு. செய்பவரை மட்டும் அது சொல்லவில்லை. செய்ய விடுபவரையும் சேர்த்துச் சொல்கிறது. இதைப் படித்துக் காட்டினால் அந்தத் தாராளம் கொஞ்சம் குறையும் என்று நினைக்கிறோம். மேலும் 1990-ஆம் ஆண்டில் வந்த தொழிலாளர் வீடமைப்புச் சட்டம், முதலாளி கொடுக்கும் வீடு குடியிருக்கத் தகுந்ததாக இருக்க வேண்டும், தண்ணீரும் வடிகாலும் ஒழுங்காக இருக்க வேண்டும் என்கிற பொறுப்பை முதலாளியின் தலையில் வைத்திருக்கிறது. அவர் செய்ய வேண்டிய வேலையை நம் 50 வெள்ளியில் செய்து கொடுக்க நாம் என்ன அவருக்குக் கடன்பட்டிருக்கிறோமா?

ஆகவே செயலவை எடுத்த முடிவு இது. மனுவை நிர்வாகம் போட வேண்டும். நிலப் பட்டா அவர்கள் பெயரில் இருக்கிறது. செலவும் அவர்களுடையது. நாம் ஒரு நகல் மனுவைச் சங்கத்தின் பெயரில் தனியே அனுப்புவோம். மாவட்ட அலுவலகத்துக்கு ஒன்று, ஜே.பி.எஸ்.ஸுக்கு ஒன்று, நகராட்சி மன்றத்துக்கு ஒன்று, பெங்ஹுலுவுக்கு ஒன்று. லுவாஸ் வாரியத்தின் லைசென்ஸ் தேவைப்படும் வேலையா, வேண்டாத வேலையா என்பதை மாவட்ட அலுவலகத்தில் கேட்டு எழுத்தில் பதில் வாங்குவோம். உலு சிலாங்கூர்த் தோட்டங்களுக்குக் கோல குபு பாரு. கோல சிலாங்கூர் எல்லைக்குள் இருப்பவர்கள் கோல சிலாங்கூர் பட்டணத்துக்குப் போக வேண்டும். எல்லை தெரியாமல் வேறு அலுவலகத்தில் மனுப் போட்டுவிட்டு மாதக்கணக்கில் காத்திருந்தவர்கள் உண்டு.

கிராணிமார்களுக்கு ஒரு வார்த்தை. 'ஐயா, எங்கள் கஷ்டத்தைக் கருணையோடு பார்க்க வேண்டும்' என்று நான்கு பக்கம் எழுதும் வழக்கத்தை விடுங்கள். அதிகாரிக்குக் கண்ணீர் உதவாது, அளவு உதவும். நில எண், தோட்டத்தின் பிரிவு, ஓடையின் அகலமும் ஆழமும் மூன்று இடங்களில், சாலைக் குழாயின் விட்டம், எவ்வளவு அடைத்திருக்கிறது, எந்தெந்தத் தேதியில் தண்ணீர் எந்த வீட்டுச் சுவரில் எத்தனை அங்குலம் ஏறியது, தேதி போட்ட படங்கள், கையால் வரைந்த ஒரு வரைபடம், கீழே யார் யார் இருக்கிறார்கள் என்ற விவரம். மலாய் மொழியில், இரண்டு பக்கத்துக்குள். கொடுத்ததும் நம் நகலில் முத்திரை போட்டு வாங்குங்கள். பைல் நம்பர் கேளுங்கள். முத்திரை இல்லாத மனு போட்ட மனு அல்ல.

உத்தரவு வர எத்தனை நாளாகும் என்று கேட்பீர்கள். வாக்குக் கொடுக்க மாட்டோம். கந்தோர் வேலையின் வேகம் நமக்குத் தெரியும். நாமும் அந்த மேசையில் உட்கார்ந்திருப்பவர்கள்தானே! ஆனால் அதுவரை சும்மா இருக்கச் சொல்லவில்லை. தோட்டம் வெட்டிய அல்லூர்களைத் தூர் எடுப்பது நிர்வாகத்தின் அன்றாட வேலை. நாளைக் காலையே அதைக் கேட்கிறோம். சாலைக் குழாயில் அடைத்த மட்டையை எடுப்பதும் குழாயைப் போட்டவரின் பொறுப்பு. குழாயைப் பெரிதாக மாற்றுவதென்றால் அது உத்தரவு வேண்டிய வேலை. மனுவில் அதையே முதல் கோரிக்கையாக எழுதியிருக்கிறோம், வளைவை நேராக்கும் பேச்சை எடுத்துவிட்டோம். செம்பனை மட்டையை ஓடையோரம் அடுக்குவதை இன்றோடு நிறுத்தச் சொல்லி மண்டோர்களுக்கு எழுதச் செய்வோம். பிளாஸ்டிக் பையும் போத்தலும் நாமே போடுகிறோம்; அதற்கு எந்த அலுவலகத்துக்கும் போக வேண்டாம், போடாமல் இருந்தால் போதும். வானம் கறுத்தால் கீழ் லயத்துக் குடும்பங்களின் சாமான்களை ஆயாக்கொட்டகைக்கு மாற்ற இளைஞர்கள் பத்துப் பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள்.

கீழ் லயத்தின் கடைசி வரிசையில் இந்தோனேசியத் தொழிலாளர்களும் வங்காளதேசத் தொழிலாளர்களும் இருக்கிறார்கள். தண்ணீர் முதலில் புகுவது அவர்கள் அறையில். வசூலுக்கு அவர்களிடம் போனீர்கள். கூட்டத்துக்கு ஏன் கூப்பிடவில்லை? அவர்கள் பெயரும் மனுவில் வரும். எதிர்ப்பக்கத்துக் கம்பத் தலைவரிடமும் நாம் போய்ப் பேசியாயிற்று. 'போன முறை எங்கள் வாழையும் போயிற்று, குழாயை மாற்றச் சொல்லுங்கள், நாங்களும் கையெழுத்துப் போடுகிறோம்' என்றார். கேளாமல் அணை போட்டிருந்தால் அந்த மனிதர் இன்று எந்தப் பக்கம் நின்றிருப்பார்?

கோவில் படிக்கட்டு விஷயம். ஆடி மாதத்துக்குள் கட்ட வேண்டும் என்று கோவில் கமிட்டியார் ஆசைப்படுகிறார்கள். ஆசை நியாயம். ஆனால் கரையை வெட்டிச் சிமெண்டு போட்டால் அதுவும் ஓடையில் செய்கிற வேலைதான். அம்மனுக்கென்று தனிச் சட்டம் இல்லை. நாளைக்கு உத்தரவு இல்லாத கட்டடம் என்று படியைப் பற்றிக் கேட்க வருகிறவர், கோவிலைப் பற்றியும் கேட்பார். தோட்டத்துக் கோவில்கள் பலவற்றுக்கு நிலப் பட்டா இல்லை என்பதை நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆகவே படிக்கட்டையும் அதே மனுவில் இரண்டாவது கோரிக்கையாகச் சேர்த்திருக்கிறோம். இந்த ஆண்டு கரகத்துக்குப் பழைய இடத்திலேயே தண்ணீர் எடுப்போம்.

வசூலித்த பணத்தைத் திருப்பிக் கொடுப்பதா, வைத்திருப்பதா என்பதை லயத்தாரே தீர்மானிக்கலாம். செயலவை அதைத் தொடாது. குத்தகைக்காரருக்குக் கொடுத்த முன்பணத்தை நாளை நாமே போய்ப் பேசி வாங்கிவருகிறோம்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை இயந்திரம் வராது. ஆனால் ஆள் வர வேண்டும். காலை எட்டு மணிக்கு, அளவுக் கயிறும் மூங்கிலுமாக, சாலைக் குழாய் அருகில். சுவரில் வெள்ளக் கோடு தெரிகிற வீட்டுக்காரர்கள் அதைச் சுண்ணாம்பு பூசி மறைத்துவிடாதீர்கள். படம் எடுக்க வேண்டும். கையெழுத்துத் தாள் இதோ மேசையில் இருக்கிறது. எழுதத் தெரியாத பெரியவர்கள் கட்டை விரல் வைக்கலாம், மை இருக்கிறது. கீழ் லயத்துக்காரர்கள் முதலில் வாருங்கள்.